இருபது படி அரிசியும் ஒரு வெயிட் மிஷினும்

சரளாவின் நிச்சயதார்த்தப் பிரியாணிக்கு வந்து சேர்ந்த அரிசி இருபது படி. இதில் யாருக்கும் சந்தேகமில்லை. அவள் அப்பா ஆதிகேசவன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தானே எண்ணியிருந்தார். அந்த இருபது படி எத்தனை கிலோ என்று ஒருவர் கேட்டதில்தான் ஞாயிற்றுக்கிழமை காலை காக்ஸ் டவுனில் அந்த வீடு தலைகீழானது.

கேட்டவர் பிரியாணி மாஸ்டர் அய்யாவு. பிரேசர் டவுனில் இருந்து அடுப்பு, தேக்சா என்கிற பெரிய அண்டா, கரண்டி எல்லாவற்றையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு விடிந்ததும் வந்து இறங்கியிருந்தார். அவர் தொழிலில் எல்லாமே கிலோக் கணக்கு. கிலோ அரிசிக்கு இவ்வளவு எண்ணெய், இவ்வளவு மிளகாய்த்தூள், இவ்வளவு உப்பு என்று சொல்வாரே தவிர, படி, சேரு, டம்ளர் என்று யாராவது ஆரம்பித்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"இருபது படி மாஸ்டர்" என்றார் ஆதிகேசவன் பெருமையாக.

"எந்தப் படி?"

 அந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் இருந்த நாளிலிருந்து அவர்கள் சொந்தத்தில் ஒரு பழக்கம் உண்டு. யார் வீட்டில் விசேஷம் என்றாலும் சொந்தக்காரர்கள் வீட்டுக்கொரு படி, வசதி இருந்தால் இரண்டு படி அரிசி கொண்டுவந்து போடவேண்டும். அரிசி போடாதவன் பந்தியில் உட்கார்ந்தால் அவனுக்கே சோறு இறங்காது. இந்தத் தடவை சரளாவின் தம்பி தருண், 'பிரியாணிக்குச் சீரக சம்பா மட்டும்' என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டான். எல்லோரும் சொன்ன பேச்சைக் கேட்டுச் சீரக சம்பாவே கொண்டுவந்தார்கள். அளவு விஷயத்தில் மட்டும் அவரவர் இஷ்டம். தங்கவயல் பெரியப்பா இரும்புப் படியில் கோபுரமாகக் குவித்து, வழிந்ததையும் அள்ளிப் போட்டார். கன்னடக்காரர் தெருவில் குடியிருக்கும் அத்தை, சேர் என்ற கன்னட அளவையில் அளந்து, விளிம்போடு தலையைத் தட்டிக் கொண்டுவந்து அதுதான் படி என்று சாதித்தாள். இன்னொரு வீட்டில் ரைஸ் குக்கரோடு வந்த பிளாஸ்டிக் கப்பில் எண்ணிப் போட்டிருந்தார்கள். எத்தனை கப் என்று கேட்டதற்கு, நடுவில் போன் வந்துவிட்டது என்றார்கள். ஆதிகேசவன் எல்லாவற்றையும் படி என்றே எண்ணி, இந்தச் சாக்கில் ஒன்று, அந்தச் சாக்கில் ஒன்று என்று மாற்றி மாற்றிக் கொட்டி, சமமாக இரண்டு மூட்டை கட்டி வைத்திருந்தார்.

"படின்னா ஒன்றரை கிலோ. இருபது படி முப்பது கிலோ" என்றார் இப்போது.

"எங்க வீட்ல படி ஒரு கிலோகூட வராது" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள் சரளாவின் அம்மா செண்பகம்.

தருண் போனைப் பார்த்துவிட்டு, "ஒரு கப் இருநூறு கிராம்னு போட்டிருக்கு" என்றான்.

"கப்பா? நான் இன்னா டீயா போடப் போறேன்?" என்றார் அய்யாவு மாஸ்டர். "கறி முப்பது கிலோ வாங்கி வெச்சிருக்கேன். அரிசி அதுக்கு சரியா இருக்கணும். என் தராசு நேத்து மழையில நனைஞ்சு செத்துப் போச்சு. எங்கனாச்சும் எடை போட்டுகினு வந்து ஒரே ஒரு நம்பர் சொல்லுங்க. வெங்காயம் செவக்கறதுக்குள்ள சொல்லணும்." சொல்லிவிட்டு வெங்காயத்தை எண்ணெயில் கொட்டினார். சடசடவென்று சத்தம் எழுந்தது. தெருவே ஒருமுறை மூக்கை உறிஞ்சியிருக்கும்.

எங்கே போய் எடை போடுவது? முனையிலிருந்த மளிகைக் கடைக்காரர் குடும்பத்தோடு சர்ச்சுக்குப் போயிருந்தார். கறிக்கடையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். அந்த வரிசையில் அரிசி மூட்டையோடு நுழைந்தால் மூட்டைக்கு முன்னால் ஆளைத்தான் எடை போடுவார்கள்.

இந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வந்து இறங்கினான். பதினொரு மணிக்கு வரவேண்டியவன். ஓசூர் ரோட்டு டிராபிக்கை நம்பி பொம்மனஹள்ளியில் இருந்து இரண்டு மணி நேரம் முன்னாடியே கிளம்பியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை என்று ரோடு காலியாகக் கிடந்திருக்கிறது. சுனிலும் அவன் அம்மா பிரபாவும் முதலில் வந்துவிட, மற்றவர்கள் பின்னால் வேனில் வந்துகொண்டிருந்தார்கள்.

சரளா தலையில் பாதிப் பூவோடு, பழைய காட்டன் சேலையோடு மாடிப்படியில் நின்றிருந்தாள். ஓடி ஒளியத்தான் நினைத்தாள். ஆனால் கேட்டைத் திறந்துகொண்டு வந்த சுனில் அவளைப் பார்த்துச் சிரித்தான். கால்கள் அவள் பேச்சைக் கேட்காமல் கீழே இறங்கிவிட்டன. இரண்டு மாதமாக அவளுக்கு இப்படித்தான். அவன் போன் வந்தால் எதிரில் இருக்கும் சுவரைப் பார்த்துச் சிரிப்பாள். ஆபீசில் மெயிலுக்குப் பதில் போட உட்கார்ந்து அவன் பெயரை டைப் செய்துவிட்டு அழிப்பாள். முப்பது வயதில் இதெல்லாம் தேவையா என்று தன்னையே கேட்டுக்கொள்வாள். தேவைதான் என்று தானே பதிலும் சொல்லிக்கொள்வாள்.

சுனில் ஒரு கோடவுனில் சரக்குக் கணக்குப் பார்க்கிறவன். எண் என்றால் அவனுக்கு அல்வா. விஷயத்தைக் கேட்டதும் சட்டைக் கையை மடித்தான்.

"வீட்ல வெயிட் மிஷின் இருக்கா மாமா? ஆளுங்க ஏறி நிக்கற மிஷின்?"

இருந்தது. தருண் ஜிம்முக்குப் போக ஆரம்பித்ததும் வாங்கிய கண்ணாடி மிஷின். கொண்டுவந்து முற்றத்தில் வைத்தார்கள். மூட்டையைத் தூக்கி அதன்மேல் வைத்தால், மூட்டை இடுப்பில் சதை விழுந்தவர்போலப் பரந்து உட்கார்ந்து எண்ணை மறைத்துவிட்டது. குனிந்து பார்த்தாலும் தெரியவில்லை. தூக்கினால் எண் போய்விடுகிறது.

"ஈசி" என்றான் சுனில். "ஒருத்தர் மூட்டையைக் கட்டிப் புடிச்சிகினு ஏறணும். வர்ற எடையில அவங்க எடையைக் கழிச்சா அரிசி. ரெண்டு மூட்டையும் சமம்தானே மாமா? ஒண்ணு போட்டா போதும், டபுள் பண்ணிக்கலாம்."

ஆதிகேசவன் மாப்பிள்ளையின் மூளையை நினைத்துப் பூரித்துப் போனார். "யார் ஏறுறீங்க?" என்று கேட்டார்.

"நான்" என்றாள் சரளா.

ஏன் சொன்னாள் என்று பிறகு எத்தனை யோசித்தும் அவளுக்குப் புரியவில்லை. அவன் பக்கத்தில் நின்று அவனோடு சேர்ந்து ஏதாவது ஒன்று செய்யவேண்டும்போல இருந்தது, அவ்வளவுதான். மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு மிஷின்மேல் ஏறினாள். சுனில் அவள் காலடியில் குந்தி எண்ணைப் பார்த்தான்.

"எண்பத்தொண்ணு" என்றான். அவள் வாயைத் திறப்பதற்குள் அவனே, "நீ அம்பத்தெட்டு. எண்பத்தொண்ணுல அம்பத்தெட்டு போனா இருபத்து மூணு" என்றான்.

முதல் வினாடி சரளாவுக்கு மனசு குளிர்ந்து போனது. அவள் பயோடேட்டாவை எழுத்து விடாமல் மனப்பாடம் செய்திருக்கிறான்! அவளும்தான் செய்திருந்தாள். சுனில், உயரம் ஐந்தடி எட்டு, எடை எழுபது, ஒரே பையன். அடுத்த வினாடி தன்னுடைய எண் நினைவுக்கு வந்தது.

ஐம்பத்தெட்டு என்பது முழுப் பொய் இல்லை. பழைய உண்மை. காலேஜ் கடைசி வருஷத்தில் அவள் எடை ஐம்பத்தெட்டுதான். பயோடேட்டா எழுதும்போது அந்த எண்ணே கைக்கு வந்தது, எழுதிவிட்டாள். போன வாரம் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு இதே மிஷினில் ஏறிப் பார்த்தாள். அறுபத்தேழு. இறங்கி, தலைமுடியை அவிழ்த்துவிட்டு மறுபடி ஏறினாள். அறுபத்தேழு.

குண்டாக இருப்பதற்கு அவள் வெட்கப்படவில்லை. அவனுக்குக் கண் இருக்கிறது, பார்த்துத்தான் சரி என்றான். ஆனால் பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவன் அவளிடம் தனியாகப் பேசிய முதல் பேச்சு இதுதான்: "எனக்கு வேற ஒண்ணும் வேணாம் சரளா. பொய் மட்டும் சொல்லக்கூடாது." அன்று தலையை ஆட்டியவள் இன்றுவரை ஆட்டிக்கொண்டே இருக்கிறாள். அவனோடு ஹோட்டலுக்குப் போனால் பாதி தோசையைத் தள்ளி வைத்துவிட்டுப் போதும் என்பாள். வீட்டுக்கு வந்து அடுப்படியில் நின்றபடியே தட்டு நிறையச் சோறு போட்டுச் சாப்பிடுவாள். இப்போது நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போது, நான் சொன்னதில் ஒன்பது கிலோ பொய் என்று எப்படிச் சொல்வது?

"இருபத்து மூணா, சரளா?" என்றார் அப்பா.

"ஆமாப்பா" என்றாள்.

"மாஸ்டர், மூட்டை இருபத்து மூணு. மொத்தம் நாப்பத்தாறு கிலோ!"

அய்யாவு கரண்டியை நிறுத்தினார். "நாப்பத்தாறா? அப்ப கறி பத்தாதே. இன்னும் பதினாறு கிலோ வேணும்."

மாப்பிள்ளையின் அம்மா காதில் விழுகிற மாதிரி, கறி பத்தாது என்று ஒருவர் சொன்னால் பெண்ணைப் பெற்றவர் எப்படி இருப்பார்? ஆதிகேசவன் துண்டை உதறித் தோளில் போட்டார். "தருண்! ஹெல்மெட்டை எடுடா! பிரேசர் டவுன் போ! வரிசையெல்லாம் பாக்காதே, இடிச்சிகினு உள்ள போ!"

மாஸ்டர் ஒரு பேசினில் மிளகாய்த்தூளை அளந்து கொட்ட ஆரம்பித்தார். நாற்பத்தாறு கிலோவுக்கான மிளகாய்த்தூள். பேசினில் அது மலையாக ஏறுவதைச் சரளா பார்த்தாள். அரிசி உண்மையில் எத்தனை கிலோ என்பது அந்த வீட்டில் ஒருத்திக்குத்தான் தெரியும். மூட்டைக்குப் பதினாலு. இரண்டு மூட்டை இருபத்தெட்டு. முப்பது கிலோ கறிக்குக் கச்சிதமான அரிசி. அவள் வாயைத் திறக்காவிட்டால், அவளுடைய நிச்சயதார்த்தப் பிரியாணியை ஒரு வாய் வைத்தவன் ஹலசூர் ஏரி வரை தண்ணீர் தேடி ஓடுவான்.

"அப்பா, மூட்டையைப் பாத்தா பதினாலு கிலோ மாதிரிதான் தெரியுது" என்றாள் மெல்ல.

"மிஷின் சொல்லுது, நீ கண்ணால சொல்றியா?" என்றார் அப்பா.

"இல்லப்பா, நான் ஏறும்போது ஆடிட்டேன். வேற யாராவது ஒரு தடவை ஏறிப் பாக்கட்டுமே."

இது நல்ல யோசனை என்று அவளுக்குத் தோன்றியது. வேறு ஒருவர் ஏறினால் சரியான எடை வரும், அரிசி பிழைக்கும், அவள் ஆடிவிட்டாள் என்பதோடு போய்விடும். பாவம், ஊரில் பொய் சொல்கிறவள் தான் ஒருத்திதான் என்று நினைத்துவிட்டாள்.

"நான் ஏறுறேன்" என்று செண்பகம் வந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரே தூக்கில் மூட்டையைத் தூக்கினாள். சுனில் குந்தினான். "எண்பத்தாறு, அத்தை. உங்க எடை?"

"நான் எப்பவும் அறுபதுதான்" என்றாள் செண்பகம். தருண் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் போட்ட எடை அது. அதற்கப்புறம் அவள் யாரையும் கேட்கவுமில்லை, யாரும் அவளுக்குச் சொல்லவுமில்லை.

"எண்பத்தாறுல அறுபது போனா இருபத்தாறு. ரெண்டு மூட்டை அம்பத்திரண்டு" என்றான் சுனில். 

"அம்பத்திரண்டா!" என்று அடுப்பிலிருந்து சத்தம் வந்தது. "அரிசி என்ன, சாக்குக்குள்ள குட்டி போடுதா?"

"எல்லாரும் நகருங்க" என்றான் தருண், ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே. "உங்க யாருக்கும் ஒழுங்கா நிக்கத் தெரியல. நான் ஜிம்முல தினம் ஏறுறவன்." ஏறினான். எண்பத்து மூன்று.

"உன் எடை?"

தருண் நெஞ்சை முன்னால் தள்ளினான். "எழுபத்தஞ்சு. எல்லாம் மசில்."

சுனில் போனில் தட்டினான். மறுபடி தட்டினான். "எட்டு" என்றான். "ரெண்டு மூட்டை பதினாறு கிலோ."

"பதினாறா?" ஆதிகேசவனுக்குத் தலை சுற்றியது. இத்தனை நேரம் கறி பத்தாது என்று துடித்தவர் இப்போது, "ஐயையோ, அரிசி பத்தாதே! சொந்தக்காரங்க எல்லாம் ஏமாத்திட்டாங்களா? பெரியப்பா கோபுரமா போட்டாரே!" என்று சாக்கைப் போய் அமுக்கிப் பார்த்தார்.

சரளாவுக்குத் திடீரென்று சிரிப்பு வந்தது. அடக்கினாள், அது மூக்கு வழியாக வந்தது. மூட்டை ஒன்று. அதே மூட்டை. அம்மா தூக்கினால் இருபத்தாறு, தம்பி தூக்கினால் எட்டு. இந்த வீட்டில் பொய் சொல்லாதது அந்த மூட்டை ஒன்றுதான்.

சுனில் நெற்றியைச் சொறிந்தான். பிறகு வெள்ளந்தியாக ஒன்று கேட்டான். "எடை போடறதுக்கு முன்னாடி யாராவது சும்மா ஒரு தடவை ஏறிப் பாத்துடலாமா? மூட்டை இல்லாம?"

ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்தார்கள். 

"எனக்குப் பூக்கட்டுற வேலை கெடக்குது" என்றாள் செண்பகம்.

"நான் இப்பதான் டிபன் சாப்ட்டேன், சரியா காட்டாது" என்றான் தருண்.

"எனக்கு அந்தக் கண்ணாடி மேல ஏறுனா மயக்கம் வரும்" என்றார் ஆதிகேசவன்.

"மாப்பிள்ளையே ஏறலாமே" என்றார் அய்யாவு அடுப்பிலிருந்து. "யோசனை அவரோடதுதானே."

சுனில் சட்டென்று எழுந்து நின்றான். "நானா? நான் எப்படி? கால்குலேட்டர் என் கையில இல்ல இருக்குது!" என்று போனை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினான். அவன் காது நுனி சிவந்திருந்ததைச் சரளா கவனித்தாள். ஆனால் அவள் கவலை அவளுக்கு.

அப்போதுதான் அதுவரை நாற்காலியில் உட்கார்ந்து காபியை ஆற்றிக்கொண்டிருந்த பிரபா எழுந்தாள். சம்பந்தி வீட்டில் முதல் நாளே வேலை செய்யவேண்டாம் என்று நினைத்தாளோ என்னவோ, இவ்வளவு நேரம் பேசாமல் இருந்தாள். "குடுங்க, நான் பாக்குறேன். நான் ரெண்டு வீட்டுக்கும் பொது" என்றாள்.

"சம்பந்தியம்மா, நீங்க எதுக்கு..."

"பர்வாயில்லீங்க. எங்க வீட்ல அரிசி மூட்டையை நான்தான் தூக்கி வெக்கறேன்." மூட்டையோடு ஏறினாள். எழுபத்தேழு. "என் எடை அம்பத்தஞ்சு" என்று கேட்பதற்கு முன்பே சொன்னாள்.

"இருபத்திரண்டு" என்றான் சுனில். முகம் மலர்ந்தது. "சரளா சொன்னது இருபத்து மூணு! கிட்டத்தட்ட சரி!"

பிரபா மூட்டையை இறக்கிவிட்டுச் சரளாவின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். "பாத்தீங்களா? என் மருமக சொன்னதுதான் கரெக்ட். ஒரு வார்த்தை தப்பா வராது அவ வாயில."

சரளாவுக்குத் தரை பிளந்தால் தேவலை என்று இருந்தது.

"முடிஞ்சுது" என்றார் அய்யாவு. "ரெண்டு பேரு ஒண்ணா சொல்றாங்க. நாப்பத்தாறுன்னே வெச்சுக்கறேன். கறியைப் போட்டாச்சு. தம்பி, ஓடு, மிச்சக் கறியைக் கொண்டா. உப்பு இதோ போடறேன்." ஒரு கையில் மிளகாய்த்தூள் பேசினும் மறு கையில் உப்புத் தட்டுமாக தேக்சாவின் மேல் சாய்ந்தார்.

தட்டு சரிவதைச் சரளா பார்த்தாள். வெள்ளையாக உப்பு விளிம்புக்கு வந்தது. இந்த உப்பு விழுந்துவிட்டால் எடுக்க முடியாது. இந்தப் பொய்யும் அப்படித்தான், இன்றைக்குச் சொல்லாவிட்டால் இனி என்றைக்குமே சொல்ல முடியாது. கல்யாணம் ஆகி, பிள்ளை பிறந்து, அது வளர்ந்து, அதுவும் பயோடேட்டா எழுதும் நாளில்கூட அவள் ஐம்பத்தெட்டாகவே இருந்து தொலைக்கவேண்டும். பாதி தோசையிலேயே ஆயுள் முடிந்துவிடும்.

"மாஸ்டர்! நிறுத்துங்க!"

அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. மாஸ்டரின் கை அந்தரத்தில் நின்றது. சரளா சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கையில் மூட்டை இல்லாமல், வெறுமனே, மிஷின்மேல் ஏறினாள்.

எண் ஓடியது. நின்றது. யாரையும் படிக்கவிடாமல் அவளே சத்தமாகப் படித்தாள்.

"அறுபத்தேழு."



"எண்பத்தொண்ணுல அறுபத்தேழு போனா பதினாலு. ரெண்டு மூட்டை இருபத்தெட்டு கிலோ. உப்பு இருபத்தெட்டுக்குப் போடுங்க மாஸ்டர். மொளகாயைத் திருப்பி அள்ளுங்க." பிறகு சுனிலைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது, ஆனாலும் குரல் உடையவில்லை. "பயோடேட்டாவுல அம்பத்தெட்டுன்னு எழுதினது நான்தான். அது காலேஜ்ல இருந்த எடை. நீங்க பொய் சொல்லாதேன்னு சொன்னப்பவே சொல்லியிருக்கணும். தைரியம் வரல. அப்பறம் அந்த தோசை... எனக்கு ஒரு முழு தோசை பத்தாது. ரெண்டு சாப்பிடுவேன். மூணுகூட."

சுனில் அவளைப் பார்த்தான். மிஷினைப் பார்த்தான். போனைச் சட்டைப்பையில் வைத்தான். திரும்பவும் எடுத்து, அதைத் தன் அம்மா கையில் கொடுத்தான்.  போய்விடப் போகிறான் என்று சரளா நினைத்தாள்.

அவன் செருப்பை மட்டும் கழற்றினான். "கொஞ்சம் தள்ளிக்கோ" என்றான்.

"என்ன?"

"தள்ளிக்கோ சரளா, எனக்கும் எடம் வேணும்." சொல்லிக்கொண்டே அவன் ஒரு காலைத் தூக்கி மிஷினின் ஓரத்தில் வைத்தான், மறு காலையும் வைத்தான். இடம் பத்தாமல் விழப்போனவன் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். நிச்சயதார்த்தம் ஆவதற்கு முன்னாலேயே, அப்பா, அம்மா, மாமியார், மாஸ்டர் எல்லோரும் பார்க்க, இரண்டு பேரும் ஒரு சாண் கண்ணாடிமேல் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். கீழே எண் மேலே மேலே ஏறிப் போய் நின்றது.

"நூத்து நாப்பத்தொம்பது" என்றான் சுனில். "எல்லாரும் கணக்குப் போடுங்க."

முதலில் போட்டது செண்பகம்தான். விரலை மடக்கி மடக்கி எண்ணினாள். "நூத்து நாப்பத்தொம்பதுல... அறுபத்தேழு போனா... எண்பத்திரண்டு!" அவள் கண்கள் விரிந்தன. "எண்பத்திரண்டா? மாப்பிள்ளைக்கு எழுபதுன்னு இல்ல போட்டிருந்துச்சு?"

சரளா போட்டதை விட்டால், அந்தக் காலையில் அந்த வீட்டில் சரியாக வந்த கழித்தல் அது ஒன்றுதான்.

"பன்னெண்டு கிலோ!" என்றாள் சரளா. அவனை நிமிர்ந்து பார்த்தாள். "நான் ஒம்பதுதான். நீங்க பன்னெண்டு! என்கிட்ட பொய் சொல்லாதேன்னு சொல்லிட்டு..."

"அன்னிக்கு அதைச் சொல்லும்போதே எனக்கு வேர்த்துச்சு" என்றான் சுனில். அவன் காது முழுக்கச் சிவந்திருந்தது. "நீ சொல்லாம இருந்தேன்னா நானும் சொல்லியிருக்க மாட்டேன். எவ்ளோ பெரிய மடையன் பாரு."

"அவன் போடல, நான்தான் போட்டேன்" என்று பிரபா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். "எண்பத்திரண்டுன்னா யாரு பொண்ணு குடுப்பாங்கன்னு... அய்யோ தேவ்ரே, என்னோடது அம்பத்தஞ்சும் இல்லீங்க. அதையும் சொல்லிடறேன்."

முதலில் சிரித்தது தருண். பிறகு செண்பகம். அப்புறம் யார் யாரை நிறுத்துவது என்று தெரியவில்லை. ஆதிகேசவன் அரிசி மூட்டைமேலேயே உட்கார்ந்துகொண்டு தொடையில் அடித்து அடித்துச் சிரித்தார். சிரிப்பில் சரளாவும் சுனிலும் ஆட, மிஷினில் எண் நூற்று நாற்பத்தேழுக்கும் நூற்று ஐம்பத்தொன்றுக்கும் நடுவே குதித்தது. கடைசியில் பிழை என்று காட்டிவிட்டு அணைந்துவிட்டது. அப்போதும் இரண்டு பேரும் இறங்கவில்லை.

"எறங்குங்க, எறங்குங்க" என்றார் அய்யாவு மாஸ்டர். அவர் மட்டும் சிரிக்கவில்லை. மிளகாய்த்தூளைக் கரண்டி கரண்டியாகப் பேசினிலிருந்து டப்பாவுக்குத் திருப்பிக்கொண்டிருந்தார். "இருபத்தெட்டு கிலோ. முப்பது கிலோ கறி. இதுக்கு மேல இன்னா வேணும்? அரிசியை ஊற வைங்க. தம்பி, ஹெல்மெட்டை உள்ள வை."

வேன் வந்து சேர்ந்தபோது அரிசி ஊறிக்கொண்டிருந்தது. தட்டு மாற்றியபோது தம் போட்டிருந்தார்கள். சொந்தத்தில் பெரியவர் ஒருவர் நிச்சயப் பத்திரிகையை வாசித்து முடித்து எல்லோரும் அட்சதை போட்டதும், அய்யாவு தேக்சாவின் மூடியைத் திறந்தார். பந்தியில் இலை போடக்கூடப் பொறுக்காமல் ஆட்கள் உட்கார்ந்தார்கள். கோபுரமாகக் குவித்த பெரியப்பாவும், தலையைத் தட்டிய அத்தையும், பாதியில் எண்ணிக்கையை விட்ட குக்கர் கப் வீட்டாரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, தங்கள் அரிசிதான் இதில் மணக்கிறது என்று ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டார்கள். உப்பு, காரம் எதிலும் ஒருவரும் ஒரு குறை சொல்லவில்லை.

பொண்ணையும் மாப்பிள்ளையையும் சேர்த்து உட்கார வைத்தார்கள். சரளா பட்டுச் சேலையின் மடிப்பைச் சரிசெய்துகொண்டு, இலையில் இருந்ததை எல்லாம் சாப்பிட்டாள். எலும்பைக்கூட விடவில்லை. பரிமாறிக்கொண்டு வந்த பிரபா அவள் இலைக்கு முன்னால் தயங்கி நின்றாள்.

"இன்னும் கொஞ்சம் வெக்கட்டுமா சரளா? இல்ல, போதுமா?"

பழக்க தோஷத்தில் 'போதும்' என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சரளா பக்கத்தில் பார்த்தாள். சுனில் தன் இலையை வழித்துத் துடைத்துவிட்டு, அடுத்த கரண்டிக்காக வெட்கமே இல்லாமல் காத்திருந்தான்.

"வையுங்க அத்தை" என்றாள். "கறியாப் பாத்து வையுங்க."

பிரபா குனிந்து, கரண்டியைத் தலை தட்டாமல், கோபுரமாகவே அள்ளி வைத்தாள்.